கவாத்துக் காலக் குறிப்புகள்

எனக்குக் கவனம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, கூப்பிட்ட நேரத்துக்கு வராது.

பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று கவாத்து வெட்டும்போது எனக்குப் பசி தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்குக் கவாத்துதான் உயிர். கொடியின் தடிமன் பார்த்து, எத்தனை கண் விடலாம் என்று முடிவு செய்து கத்தரியை வைக்க வேண்டும். கண் புடைத்திருக்கிறதா, சப்பையா என்பதை விரல் நுனியே சொல்லிவிடும். ஒரு கொடி போல இன்னொன்று இருக்காது. அதனால்தான் மனம் அங்கே நிற்கிறது. சாயங்காலம் உரக்கடை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்க உட்கார்ந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

*

முப்பதுகளின் கடைசியில், தூக்கம் வரவில்லை என்று தேனிக்கு மனநல மருத்துவரிடம் போனபோதுதான் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, என்று தெரிந்தது. அவர் பள்ளிக்காலத்தைப் பற்றியே அதிகம் கேட்டார். 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்தனவா என்று பார்க்க வேண்டுமாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு அப்படித்தான் வகுத்திருக்கிறது. அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்.

"வம்பு தும்புக்குப் போகமாட்டா சார். சன்னலப் பாத்தே உக்காந்திருப்பா" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவ அப்பாவும் அப்படித்தான். மடை திறக்கப் போனவுக, சந்தையில மாடு பாத்துட்டு வருவாக."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஏடிஎச்டி பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் மரபின் பங்கு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. பொறுப்பில்லாதவர் என்ற பேச்சோடேயே போனார். அன்று பஸ் சின்னமனூர் தாண்டும்வரை நானும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை.

*

பெண் பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி இருப்பது காலம் கடந்தே தெரியவருகிறது. வகுப்பில் ஓடுகிற பையன் வாத்தியார் கண்ணில் படுவான். ஓட்டம் மனதுக்குள்ளே என்றால் யார் பார்ப்பது? வளர்ந்த பிறகோ, வீட்டின் ஞாபகம் மொத்தமும் பெண் தலையில்தான். அடுப்பில் பால், கேஸ் பதிவு, மாமியாரின் பிரஷர் மாத்திரை, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் செய்த மொய். ஒன்று தவறினாலும் அக்கறை இல்லாதவள் என்று ஆகிவிடும். மறதிக்காரி என்றால் தாங்கிக்கொள்ளலாம். அக்கறை இல்லை என்பதைத்தான் தாங்க முடிவதில்லை, இருக்கிற அக்கறை நெஞ்சு முட்ட இருக்கும்போது.

*

நரம்பியல் பன்முகத்தன்மை என்ற சிந்தனையை 1990களின் கடைசியில் தொடங்கிவைத்தவர்களில் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரும் ஒருவர். காட்டில் உயிர்கள் பலவகை போல மூளைகளும் பலவகை என்கிறது அது. மேகமலைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். எனக்கும் நெஞ்சுக்கு நெருக்கமான சிந்தனை.

ஆனால் ஏடிஎச்டியை வரம் என்று கொண்டாடுகிறவர்களோடு என்னால் சேர முடியாது. குமுளி மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போது மனம் வேறெங்கோ போய்விடுவது வரமில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், உதவுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டியின் பெயர் இல்லை. சேர்க்கத்தான் வேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளை எதைக் காட்டிக் கேட்கும்?

*

எனக்கு ஏடிஎச்டி என்று தம்பியிடம் முதலில் சொன்னேன். அவன் காரணம் எதுவும் கேட்கவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடன் படிவம், பயிர்க் காப்பீடு, ரசீதுகள் எல்லாம் இப்போது அவன் பொறுப்பு. அவன் தோட்டத்துக் கவாத்து என் பொறுப்பு. வரும் பருவத்துக்கும் அப்படியே பேசி வைத்திருக்கிறோம்.