எது நம்மைச் சுத்தமாக்கும்?



அமாவாசை, பௌர்ணமி வந்துவிட்டால் நம்ம பக்கத்து ஜனங்கள் தாணிப்பாறை போய் சதுரகிரி மலை ஏறுகிறார்கள். சித்தர்கள் யோகத்தில் அமர்ந்த மலை என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளிக்கூடங்களிலும் 2015 முதல் ஜூன் 21-ல் யோகா தினம் நடக்கிறது. "இவ்வளவு கஷ்டப்பட்டு உடம்பை ஒடுக்கினால் மனசு சுத்தமாகாதா?" என்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். அதட்டி வாயை அடைக்கக்கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

யோகம் என்றாலே கையைக் காலை வளைப்பதுதான் என்று நினைக்கிறோம். ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லுகிற எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். முதலாவது இயமம்: பிறருக்குத் தீங்கு செய்யாமை, பொய் சொல்லாமை, திருடாமை, இச்சையடக்கம், பொருளாசை இல்லாமை. நம்ம திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் இரண்டாம் பாட்டைப் பாருங்கள். நோன்புக்கு நெய்யும் பாலும் விட்டால் போதும் என்று அது சொல்லவில்லை. கோள் சொல்லக்கூடாது, தானம் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுகிறது. வயிற்றைக் காயப்போட்டால் மட்டும் போதாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

தேவப்பிள்ளையே, இப்போ நம்ம பக்கம் திரும்புவோமா? நாமும் உபவாசம் இருக்கிறோம், முழு இரவு ஜெபத்தில் உட்காருகிறோம். "நான் எத்தனை நாள் இருந்தேன் தெரியுமா?" என்று எண்ணிக்கையும் சொல்லுகிறோம். ஏசாயா 58-ம் அதிகாரத்து ஜனங்களும் அப்படித்தான். உபவாச நாளிலேயே வேலைக்காரரை வாட்டினார்கள், சண்டை போட்டார்கள். கர்த்தர் அந்த உபவாசத்தை ஏற்கவில்லை. பட்டினி என்பது ஆசனத்தைப் போல ஒரு பயிற்சி. பயிற்சி உடம்பை அடக்கும். உள்ளே இருக்கிற பெருமையை அடக்குமா? சில சமயம் அதையே வளர்த்துவிடும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? இந்த அங்கங்களைப் பயின்றால் அசுத்தம் தேய்ந்து ஞானம் பிரகாசிக்கும் என்பது பதஞ்சலியின் போதனை. அங்கே முயற்சி முன்னே, சுத்தம் பின்னே. சகேயுவின் வீட்டில் நடந்தது தலைகீழ். அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கு முன்னே இயேசு அவன் வீட்டில் தங்குவேன் என்றார். அந்த அன்பு உள்ளே வந்தது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை என்று அவன் பை தானாகவே திறந்தது. கிருபை முன்னே, கிரியை பின்னே.

ஆனால் கிரியை வராமலே போனால்? கிருபை உள்ளே வந்ததா என்று கேட்க வேண்டியதுதான். மாந்தோப்பில் வேலை செய்தவனுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா? அண்ணன் தம்பி பேசி எத்தனை வருஷமாச்சு? அடுத்த உபவாசத்துக்கு முன்னே அந்த வாசற்படியை மிதியுங்கள். மலை ஏறுகிற அயலானைப் பரிகாசம் பண்ணாதிருங்கள். அவன் தேடுவதும் சுத்தம்தான். நம் வாழ்க்கையில் அதை அவன் பார்க்கட்டும்.

கர்த்தர்தாமே நம் இருதயங்களைச் சுத்திகரிப்பாராக. ஆமென்.