உதவியும் ஒப்புதலும்

பிறர்க்கு நன்மை செய்தல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் அந்நன்மையைக் கேளாதவர்க்கு வலிந்து செய்தலும் அறமாகுமா? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் அலுவலகம் சென்று வரும் யான், வழியில் அறிவியல் புனைகதைகள் படிப்பதுண்டு. 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் விண்கலத்தார்க்குத் தலையாய கட்டளை ஒன்று உண்டு. தம்மினும் பிற்பட்ட உலகத்தாரின் இயல்பான வாழ்வில் தலையிடலாகாது என்பதே அது. சோவியத் எழுத்தாளர்களான ஸ்ட்ருகாட்ஸ்கி உடன்பிறந்தார் 1964-இல் வெளியிட்ட புதினமோ மறுபக்கத்தைக் காட்டுகிறது. கண்ணெதிரே கொடுமை நிகழ, தடுக்கும் ஆற்றலிருந்தும் கைகட்டி நிற்பவனின் வேதனை அதன் பொருள்.

இச்சிக்கலைக் காண விண்மீன்வரை செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டின் அந்தமான் தீவுகளே போதும். 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது, பெரிய அந்தமானியர் சில ஆயிரவராக வாழ்ந்தனர். அவர்களை நாகரிகப்படுத்த இல்லங்கள் அமைத்தனர். உணவும் உடையும் தந்த அவ்வில்லங்களே நோயையும் தந்தன. இன்று அவ்வினத்தார் ஏறத்தாழ ஐம்பதின்மரே. 1880-இல் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி வட சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய இணையரையும் நான்கு சிறுவரையும் பிடித்து வந்தார். முதியோர் இருவரும் நோயுற்று மாண்டனர். சிறுவர்கள் பரிசுப் பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். பெற்றது பரிசு, இழந்தது உயிர்!

அதே 1880-இல்தான் ஜான் டெய்லர் கம்பெனி நம் தங்கவயலில் கால் ஊன்றியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் கூலியைத் தந்தது. நுரையீரலில் பாறைத் தூசியையும் நிரப்பியது. சுரங்கத்தில் உழைத்த என் பாட்டனார் இருமியபடியே என் தந்தையைப் பள்ளிக்கு அனுப்பினார். அச்சுரங்கம் இல்லையேல் யான் பட்டதாரியும் அல்லேன், எழுத்தரும் அல்லேன். ஆகவே, புறத்தார் கொணரும் மாற்றம் யாவும் தீது என்று கூற எனக்கு வாயில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பசி துரத்தினாலும் நம்மவர் தம் காலால் நடந்து வந்தனர். 1930-இல் விரல்ரேகைப் பதிவுத் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 'இது வேண்டும், இது வேண்டா' என்று சொல்ல அவர்கட்கு நாவிருந்தது. அதைப் புரிந்துகொள்ளும் செவி எதிரே இருந்தது. சென்டினல் தீவினர்க்கோ அம்பு ஒன்றே சொல்.

விடுதலை பெற்ற இந்தியா 1956-இல் அப்பழங்குடிகளைக் காக்கச் சட்ட ஒழுங்குமுறை வகுத்தது. பின்னர் மானிடவியலார் தேங்காய்களுடன் பலமுறை சென்றனர். 1991 ஜனவரியில் அத்தீவினர் அருகே வந்து அவற்றைப் பெற்றுக்கொண்டனர். அது தேங்காய்க்குத் தந்த இசைவு; நம் பள்ளிக்கும் சாலைக்கும் தந்த இசைவன்று. 1990-களிலேயே அப்பயணங்கள் நிறுத்தப்பட்டமை நன்றே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நலம் காணச் சென்ற ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் வில்லை உயர்த்தினார். 2018-இல் சமயம் பரப்பத் தடையை மீறிச் சென்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

'அங்கே கொள்ளைநோய் பரவினால், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாளா இருப்பதா?' என்று நண்பர் ஒருவர் வினவினார். வினா கூரியது. 1997 முதல் ஜராவா மக்கள் தாமாகவே வெளிவரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியபோது மருத்துவம் செய்யப்பட்டது. அது கடமை, நோய் நம்மிடமிருந்து சென்றதாயின் இரட்டிப்புக் கடமை. கதவு உள்ளிருந்து திறக்கப்படுமாயின், கேட்டதைக் கொடுத்தல் வேண்டும். திறவாத கதவை அன்பின் பெயரால் உடைத்தல் ஆகாது. நம் நோயும் பேராசையும் அக்கதவை அணுகாமல் காப்பதற்கோ எவர் ஒப்புதலும் தேவையில்லை.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், நம் ஊரை என்ன செய்வது என்று பலர் திட்டம் கூறுகின்றனர். அவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது யாது? முதலில் எங்களைக் கேளுங்கள் என்பதன்றோ! அம்மதிப்பை நாம் வேண்டுவோமாயின், கடல் நடுவே வில்லேந்தி நிற்கும் அம்மனிதர்க்கும் அதனை மறுத்தல் முறையாகாது.