கைப்பேசியும் பிறர்சிநேகமும்



கார்த்திகை மாதத்தில் நம் ஊர் மலையின்மேல் தீபம் ஏற்றப்படுகிற சாயங்காலத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மாலை 6 மணிக்குச் சுடர் எழும்பும்போது, நம் அயலாராகிய இந்து சகோதரர்கள் தெருவிலும் மொட்டைமாடியிலும் நின்று கை குவிக்கிறார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் அந்த வெளிச்சம் தெரியும்.

ஆனால் சில வருஷங்களாக இன்னொரு காட்சியையும் காண்கிறோம். சுடர் எழும்பின மாத்திரத்தில் ஆயிரமாயிரம் கைகள் உயருகின்றன. குவிவதற்கு அல்ல, படம் பிடிப்பதற்கு. கண்ணெதிரே மலை நிற்க, உள்ளங்கையகலக் கண்ணாடியில் மலையைப் பார்க்கிறார்கள். "எனக்கு மறைக்குதே, தெரியுதாப்பா?" என்று பக்கத்திலே ஒரு பாட்டி கேட்பது பேரனுடைய காதில் விழுவதில்லை.

அவர்களைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. கிறிஸ்துமஸ் இராத்திரியில் பாலனைக் குடிலில் வைக்கும் நேரத்திலும், நம் குழந்தைகள் புதுநன்மை வாங்கும் நேரத்திலும் நாம் செய்வதென்ன? அதுவேதான். ஆகையால் இந்த வாரம் நம் கையிலிருக்கும் கருவியைப் பற்றி உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

முதலாவது, கருவி கெட்டதா? அல்ல. புதிய கருவிகளைக் கண்டு திருச்சபை பயந்து ஓடினதில்லை. கம்பியில்லாத் தந்தியில் பேர்பெற்ற மார்க்கோனி என்பவரைக்கொண்டே வத்திக்கான் வானொலி நிலையம் கட்டப்பட்டு, 1931-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அதில் உலகத்தாருக்குப் பேசினார். 1957-ல் 12-ம் பத்திநாதர் சினிமா, ரேடியோ, டெலிவிஷன் இம்மூன்றையும் பற்றி ஒரு நிருபம் எழுதி, இவை மனித புத்தியின் வேலையானாலும் சர்வேசுரன் தந்த கொடைகளே என்று படிப்பித்தார். மறு வருஷமே டெலிவிஷனுக்கு ஒரு பாதுகாவலியையும் ஏற்படுத்தினார். அவள் யார் தெரியுமா? 1253-ல் மரித்த அர்ச். கிளாரம்மாள்!

மின்சாரமே அறியாத கன்னிகைக்கு இந்தப் பட்டம் ஏன்? ஒரு கிறிஸ்துமஸ் இராத்திரி அவள் வியாதியாய்ப் படுக்கையில் கிடந்தாள். மற்றச் சகோதரிகள் எல்லாரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். தனியே கிடந்த அவளுக்கு, தூரத்துக் கோவிலில் நடந்த பூசையும் பாட்டும் அந்த அறையிலேயே காணவும் கேட்கவும் கிடைத்தன என்று அவளுடைய சரித்திரம் சொல்லுகிறது. பிரியமானவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவளுடைய சரீரம் படுக்கையில் இருந்தது. இருதயமோ கோவிலில் இருந்தது. நம்முடைய சரீரம் கோவிலில் இருக்கிறது, சாப்பாட்டுப் பலகையில் இருக்கிறது, நோயாளியின் கட்டிலண்டையில் இருக்கிறது. இருதயமோ கைப்பேசிக்குள் இருக்கிறது. ஒரே கண்ணாடிதான். அவளைத் தூரத்திலிருந்ததற்குக் கிட்டக் கொண்டுபோயிற்று. நம்மைக் கிட்ட இருப்பவர்களுக்குத் தூரமாக்குகிறது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்பீர்கள். என் குற்றத்தையே சொல்லுகிறேன். சிறு வயது முதல் எனக்கு இயந்திரங்கள் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் படிக்கையில் பழைய ரேடியோவைக் கழற்றி, திரும்பப் பூட்டத் தெரியாமல் அப்பாவிடம் அடி வாங்கினவன் நான். இன்றைக்கும் புதுக் கைப்பேசி ஒன்று வந்தால் அதன் கேமரா எப்படி, பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அறியாமல் எனக்குத் தூக்கம் வராது.

சில வருஷங்களுக்கு முன், ஒரு சாயங்காலம், செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். "தோத்திரம் சாமி" என்று சொல்லி உட்கார்ந்தார். அன்றுதான் எனக்குப் புதுக் கைப்பேசி வந்திருந்தது. பழையதிலிருந்து எண்களையும் படங்களையும் அதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். "சொல்லுங்க ஐயா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். அவர் மழையைப் பற்றிச் சொன்னார், மல்லாட்டை விளைச்சலைப் பற்றிச் சொன்னார், சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். இடையிடையே என் கையில் மணி அடித்தது. நான் குனிந்து பார்த்தேன். மூன்றாவது முறை குனிந்து நிமிர்ந்தபோது அவர் எழுந்து நின்றார். "சாமி வேலையா இருக்கீங்க. இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்து நான் அவரைக் கண்டது 11 நாள் கழித்து, அவர் மனைவியின் அடக்கத்தில். மகளைக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கிற்று. அவருக்குத் திருப்பூரில் ஒரு மகன். கலியாண விஷயத்தில் மனஸ்தாபமாகி மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை. தகப்பன் கூப்பிட்டால் எடுக்கமாட்டான். சாமியார் கூப்பிட்டால் எடுப்பான் என்று நம்பி, மகனுடைய எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று வந்திருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது என் கையிலிருந்த அந்தக் கைப்பேசிதான்! ஆஸ்பத்திரியில் ஒரு குருவானவர் அந்தத் தாய்க்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்திருந்தார். ஆனால் மகனுடைய முகத்தைப் பாராமலே அவள் கண்ணை மூடினாள். மகன் வந்து சேர்ந்தபோது குழி மூடியாயிற்று. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரமாயிற்று.

எரிக்கோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன குருவைப் பற்றிச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அதை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் குரு கல்நெஞ்சன் என்றே நினைத்திருந்தேன். இப்போது தெரிகிறது: அவன் கல்நெஞ்சனாயிருக்க வேண்டிய அவசியமேயில்லை. அவனுடைய கவனம் வேறெங்கேயோ இருந்தாலே போதும்.

இரண்டாவது, பொழுதுபோக்கைப் பற்றி. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ இருந்த காலத்தை நம்மில் வயதானவர்கள் நினைவுகூருவார்கள். கம்பத்தில் கட்டின ஒலிபெருக்கியின்கீழ் ஊரே கூடி உட்காரும். 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது. பெட்டி வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். 2006-ம் ஆண்டு முதல் அரசாங்கம் இலவச வர்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. வீட்டுக்கு ஒரு பெட்டியாயிற்று. 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி. ஏழையின் பிள்ளையும் இவற்றால் படித்து முன்னேறியது மெய்தான். அதற்காகச் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்துவோம். ஆனால் ஊராய்க் கேட்டோம், தெருவாய்ப் பார்த்தோம், வீடாய்ச் சிரித்தோம். இன்று ஒரே அறையில் நாலு பேர் நாலு மூலையில் தனித்தனியே சிரிக்கிறோம். தகப்பன் ஏன் சிரித்தான் என்று பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை ஏன் அழுதாள் என்று தாய்க்குத் தெரியாது.

வாலிபரே, உங்களுக்கு ஒரு தோழனைக் காட்டுகிறேன். 1991-ல் பிறந்து, 2006-ல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் மரித்த அர்ச். கார்லோ அக்குத்திஸ் கம்ப்யூட்டரில் அபார சமர்த்தன். தேவநற்கருணைப் புதுமைகளைத் திரட்டி உலகமெல்லாம் காண இணையத்தில் வைத்தான். வீடியோ விளையாட்டு அவனுக்கும் பிரியந்தான். ஆனாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொண்டான். மீந்த நேரத்தில் தினப்பூசை கண்டான், மிலான் நகரத்தில் வீடில்லாத ஏழைகளைத் தேடிப்போனான், தாய் தகப்பன் பிரிந்துபோன தோழர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பாப்பரசர் 14-ம் சிங்கராயர் அவனுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். கருவியை வெறுத்ததினால் அல்ல, அதற்கு எஜமானாய் இருந்ததினால் அவன் அர்ச்சியசிஷ்டவன் ஆனான்.

மூன்றாவது, உறவைப் பற்றி. 2020-ல் கொள்ளைநோய் வந்து கோவில்கள் அடைபட்டிருந்த காலத்தில் பூசையைத் திரையில்தான் கண்டோம். மார்ச் 27-ந் தேதி, மழையில் நனைந்து வெறுமையாய்க் கிடந்த அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் பிராஞ்சீஸ்கு பாப்பரசர் தனியே நின்று தேவநற்கருணையால் ஆசீர்வதித்ததை வீட்டிலிருந்து கண்டு அழுதோம். அது பெரிய ஆறுதல். ஆனாலும் திரையிலிருந்து நன்மை வாங்க முடிந்ததா? இணையத்தின் வழியாய்த் தேவதிரவிய அனுமானங்கள் கிடையா என்று 2002-லேயே ரோமாபுரியிலிருந்து தெளிவாய்ச் சொல்லப்பட்டது. ஏன்? சர்வேசுரன் நமக்குச் சேதி அனுப்பினதோடு நிற்கவில்லை. தாமே மாம்சம் எடுத்து வந்தார். குஷ்டரோகியைத் தூரத்திலிருந்தே குணமாக்க வல்லவர், கை நீட்டித் தொட்டார்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டை மூடி, 5 குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்தச் சேதியைக் கைப்பேசி கடல் கடந்து கொண்டுபோயிற்று. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பதறிக் கூப்பிட்டு வீட்டாரை விசாரித்தார்கள். அது நன்மையே. ஆனால் படத்தைப் பார்த்து அடுத்தவருக்குத் தள்ளிவிட்டவர் எத்தனையோ பேர். சேற்றில் கால் புதைய நின்று மண்ணை அள்ளினவர் சிலரே. அயலான் என்பவன் யார் என்று அன்று நம் ஊரே கண்டது.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினை செய்வோம். ஒன்று: இராச்சாப்பாட்டு வேளையிலும் குடும்ப ஜெபமாலை வேளையிலும் வீட்டிலுள்ள கைப்பேசிகளை எல்லாம் ஒரு கூடையில் போட்டு, தேவமாதா படத்தின்கீழ் வைத்துவிடுவோம். தகப்பனுடையது முதலில் விழட்டும். இரண்டு: ஒருவர் நம்மோடு பேச வந்தால் கருவியைக் கவிழ்த்து வைத்து, அவருடைய முகத்தைப் பார்ப்போம். பங்குச் சாமியாராகிய நானும் இதற்குக் கட்டுப்படுகிறேன். தவறினால் என்னிடம் தாராளமாய்ச் சொல்லுங்கள்.

மூன்று: உங்கள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான எண்கள் இருக்கும். அவற்றில் நீங்கள் கூப்பிடாமல் விட்ட எண் ஒன்று உண்டு. அண்ணனுடையதோ, மருமகளுடையதோ, பாகத் தகராறில் முகம் திருப்பிக்கொண்ட பங்காளியுடையதோ, உங்களுக்கே தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருமுன் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள், மற்றது தானே வரும். அந்தப் பக்கம் எடுக்காவிட்டால், எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள். இம்முறை நான் குனியமாட்டேன்.

நம்மைத் தேடி வந்த சேசுநாதர் சுவாமி நம்முடைய கண்களையும் காதுகளையும் கைகளையும் அயலானுக்காகத் திறந்தருளுவாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சாமியார்