ஆடு நனைகிறது, யார் அழுவது?

2024 ஏப்ரல் 2-ம் தேதி ராத்திரி. மயிலாடுதுறை டவுனில் ஒரு கண்காணிப்பு கேமராவில் சிறுத்தை ஒன்று பதிவானது. காடும் இல்லை, மலையும் இல்லை. சுற்றிலும் வயலும் வாய்க்காலும்தான். இந்த ஊரில் சிறுத்தையா? நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம் வேறு. வேட்பாளருக்குக் கிடைக்காத விளம்பரம் சிறுத்தைக்குக் கிடைத்தது.

வனத்துறை களத்தில் இறங்கியது. தானியங்கி கேமரா, கூண்டு, வெளி மாவட்டங்களிலிருந்து அனுபவஸ்தர்கள் என்று பெரிய ஏற்பாடு. சில பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். சிறுத்தை எந்தக் கூண்டிலும் சிக்கவில்லை. பத்து நாள் கழித்து அரியலூர் மாவட்டம் செந்துறையில் தலை காட்டியது. கூண்டுகள் காலியாக நின்றன.

'இத்தனை செலவு தேவையா?' என்று நான் கேட்கப் போவதில்லை. தேவைதான். குழந்தைகள் நடமாடும் தெருவில் சிறுத்தை உலவினால், அரசாங்கம் கணக்குப் பார்க்கக் கூடாது.

என் கேள்வி வேறு.

அதே காவிரிப் பாசனப் பகுதியில், நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போய்வரும் ஒரு பெண்மணி இரண்டு ஆடு வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குக் காதுகுத்து, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் என்று எது வந்தாலும் அந்த ஆடுதான் அவருக்கு பேங்க். ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால், தெருநாய்க் கூட்டம் இரண்டையும் குதறிப் போட்டிருக்கிறது. இதற்குக் கூண்டு வருமா? கேமரா வருமா? பேப்பரில் மூன்று வரிச் செய்தியாவது வருமா?

கடித்தது சிறுத்தை என்றால் அது வனத்துறை விஷயம். மனு போடலாம், இழப்பீடு கேட்கலாம். கடித்தது நாய் என்றால், 'நீ ஏம்மா ஒழுங்கா கட்டிப் போடல?' என்பதுதான் ரொம்ப காலமாக அவருக்குக் கிடைத்த பதில். ஆடு இரண்டு விதத்திலும் செத்துத்தான் போயிருக்கிறது. பல்லின் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது!

காமர்ஸ் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று-வரவுதான் ஞாபகம் வரும். 2011-ல் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள். நல்ல திட்டம்தான். ஆனால் சொத்து கொடுத்தவர்கள், அந்தச் சொத்து ஒரே ராத்திரியில் போனால் என்ன செய்வது என்று யோசித்தார்களா? இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. காதில் தோடு மாட்டி, சர்ட்டிஃபிகேட் வாங்கி, பிரீமியம் கட்டி, செத்தால் டாக்டரைக் கூட்டிவந்து போஸ்ட்மார்ட்டம் செய்து... இரண்டு ஆடு வைத்திருப்பவர் அதற்கு எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா?

மேற்கே காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டுப் போராடினார்கள். அதற்குப் பிறகுதான், 2025-ல், தெருநாய் கடித்துச் சாகும் கால்நடைகளுக்கும் இழப்பீடு என்று அரசு இறங்கி வந்தது.

'அவனவன் ஆட்டுக்கு அவனவன்தான் பொறுப்பு. என் வரிப்பணம் எதற்கு?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இதற்கு திருவாரூரில் பதில் இருக்கிறது.

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். கன்றை இழந்த பசு மணி அடித்தது, ராஜா எழுந்து வந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கன்றைக் கொன்றது நரி அல்ல. ராஜா வீட்டுத் தேர். அதனால்தான் அந்த மணிச் சத்தம் அரண்மனையை அப்படி உலுக்கியது. இழப்பில் அரசின் கை எங்கே இருக்கிறதோ, அங்கே அரசுக்குக் கடன் இருக்கிறது. கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற நீதி இது.

நாய் விஷயத்தில் அரசின் கை இருக்கிறதா? இரண்டு கையுமே இருக்கிறது.

ஒன்று, சட்டம். சிறுத்தையைக் கொல்லக் கூடாது என்கிறது சட்டம். தெருநாயையும் கொல்லக் கூடாது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023-ம் வருட விதிகள். வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது, உயிரைக் காப்பாற்றுவது நல்ல காரியம். ஆனால் 'நீ கை வைக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னவர் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

இரண்டு, குப்பை. ஊர் எல்லையில் கொட்டும் கோழிக் கழிவும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் யாருடையவை? அங்கே தின்று பெருகிய கூட்டம்தான் ராத்திரி கொட்டில் பக்கம் போகிறது. டவுனில் இருக்கிற நாம் பிஸ்கட் போடுகிறோம். புண்ணியம் நமக்கு, செலவு ஆட்டுக்காரம்மாவுக்கு! அந்தத் தேரில் நாமும்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, காசு கொடுப்பது என்று முடிவானால், எதற்குக் கொடுப்பது? இங்கேதான் சரித்திரம் நம்மை எச்சரிக்கிறது.

வெள்ளைக்காரன் சுலபமான வழியைக் கண்டுபிடித்தான். கொன்றால் பரிசு! 1875 முதல் 1925 வரையிலான 50 வருஷங்களில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகள், 1,50,000-க்கும் மேற்பட்ட சிறுத்தைகள், 2,00,000 ஓநாய்கள் பரிசுக்காகக் கொல்லப்பட்டன என்று கணக்குத் தருகிறார் வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன். 1902-ல் ஹனோயில் பிரெஞ்சுக்காரர்கள், எலி வாலைக் கொண்டுவந்தால் காசு என்றார்கள். ஜனங்கள் வாலை மட்டும் நறுக்கிவிட்டு, எலியைக் குட்டி போட விட்டுவிட்டார்கள்! எதற்குக் காசு கொடுக்கிறோமோ, அது பெருகும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு எலியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பவருக்குக் கூலி கொடுத்துப் பழகிய ஊர் அது. ராத்திரி வரப்பில் நரியும் ஆந்தையும் சாரைப்பாம்பும் அதே வேலையைக் கூலி கேட்காமல் செய்தன. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள், நரிப் பல்லுக்கும் 'கொம்பு'க்கும் ஆசைப்பட்டு அதைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். இன்றைக்கு வேளாண்மைத் துறை, வயலில் ஆந்தை வந்து உட்காரக் குச்சி நட்டு வையுங்கள் என்று சிபாரிசு செய்கிறது. விரட்டியவரையே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம்.

அப்படியானால் எப்படித்தான் செலவழிப்பது? கோடியக்கரைக்குப் போய்ப் பாருங்கள். 1967 முதல் சரணாலயம். கடற்கரை மணலில் பங்குனி ஆமை முட்டையிட்டுவிட்டுப் போகிறது. நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடுகின்றன. வனத்துறை நரியைச் சுடுவதில்லை. முட்டைகளை எடுத்துவந்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுகிறது. ஆமைக்கு ஓட்டும் இல்லை, மனு எழுதவும் தெரியாது. இருந்தாலும் பொதுப்பணம் போகிறது. தின்பவரைக் கொல்ல அல்ல, தின்னப்படுபவரைக் காக்க.

இதே புத்தி ஆட்டுக்கும் வரலாம். இரண்டு ஆடு வைத்திருப்பவருக்கு, நாய் நுழையாத கம்பி வலைக் கொட்டில் போட உதவலாம். செத்த பிறகு கொடுக்கும் இழப்பீட்டைவிட இது மரியாதையானது. இழப்பீடு கண்ணீருக்கு விலை; கொட்டில், கண்ணீரே வராமல் இருக்க.

இன்னொரு படி மேலே போகிறது ஸ்வீடன். அங்கே கலைமான் மேய்க்கும் சாமி இன மக்களுக்கு, செத்த மான் ஒவ்வொன்றையும் எண்ணிக் காசு கொடுப்பதில்லை. அவர்கள் மேய்ச்சல் பகுதியில் லிங்க்ஸ் போன்ற வேட்டை விலங்குகள் குட்டி போட்டிருந்தால் அதற்குப் பணம். 1996-லிருந்து இப்படித்தான். வேட்டை விலங்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று நாடு ஆசைப்பட்டால், ஆசைக்கான பில்லை நாடே கட்டுகிறது.

ஆசைப்பட்டவன் காசு கொடுக்க வேண்டும். சந்தையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற நியாயம் இது. சிறுத்தை வேண்டும், நரி வேண்டும், நாய்க்கும் வாழும் உரிமை வேண்டும் என்று சொல்வது பெரும்பாலும் நாம், கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர்கள். வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் அதற்கான செலவை வாசலில் ஆடு கட்டியிருக்கும் ஒரு பெண்மணியின் தலையில் கட்டிவிட்டு, கருணையை மட்டும் நம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டால், அதற்கு காமர்ஸில் வேறு பெயர்!

உங்கள் ஊர் நகராட்சி பட்ஜெட்டை அடுத்த முறை பார்க்கும்போது, நாய்க் கருத்தடைக்கும் குப்பை அள்ளுவதற்கும் எவ்வளவு ஒதுக்கி, எவ்வளவு செலவழித்தார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். பசுவுக்கு மணி அடிக்கத் தெரிந்திருந்தது. ஆட்டுக்காரம்மாவுக்கு அந்த மணி எங்கே கட்டியிருக்கிறது என்றே தெரியாது. நமக்குத் தெரியும்.