விளையாடுபவன் யார்?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அருகே செங்கல் என்ற கிராமம் உள்ளது. 1956-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லையோரக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன.

செங்கலில் உள்ள மகேஸ்வரம் சிவபார்வதி ஆலயத்தில் சுமார் 111 அடி உயரத்தில் சிவலிங்க வடிவில் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டுள்ளது. பக்தர்கள் அதன் உள்ளே நுழைந்து நிலை நிலையாக மேலே ஏறலாம். யோக நூல்கள் கூறும் ஆறு ஆதாரங்களைக் குறிக்கும் நிலைகளைக் கடந்து, உச்சியில் கைலாயக் காட்சியை அவர்கள் தரிசிக்கிறார்கள்.

அங்கு ஒரு பாட்டியும் பன்னிரண்டு வயதுப் பேரனும் வந்திருப்பதாகக் கற்பனை செய்து பார்ப்போம். பேரனின் கண்கள் கைப்பேசியில் பதிந்துள்ளன. விரல்கள் ஓயாமல் அசைகின்றன.

“மக்களே, அதுல என்ன செய்யுத?”

“லெவல் ஏறுதேன் பாட்டி.”

“நாமளும் இங்க ஏறத்தான போறோம். இது ஏறினா கைலாசம். அது ஏறினா எங்க போவ?”

“அடுத்த லெவலுக்கு.”

“அதுக்கு மேல?”

“அதுக்கும் அடுத்த லெவல்.”

பாட்டி மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஆழமானது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இன்று வீடியோ விளையாட்டுகளில் பொழுதைச் செலவிடுகின்றனர். இவற்றை நல்லவை என்றும் தீயவை என்றும் எந்த அளவுகோலால் பிரிப்பது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெறுத்து ஒதுக்குவது எளிது. அந்த எளிமை பிள்ளைகளுக்கு வழிகாட்டாது. விவேகம் என்பதே பிரித்தறியும் ஆற்றல் அன்றோ!

விளையாட்டு இழிவானதா?

நமது மரபு விளையாட்டை இழிவாகக் கருதியதில்லை. இறைவன் உலகைப் படைத்ததற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு, அது அவனது லீலை என்று பிரம்மசூத்திரம் விடை கூறுகிறது. ஸ்ரீசங்கரர் தமது உரையில் இதற்கு ஓர் உவமை தருகிறார். எல்லா விருப்பங்களும் நிறைவேறிய ஓர் அரசன் எந்தப் பயனையும் கருதாமல் விளையாட்டில் ஈடுபடுகிறான். அதுபோன்றதே இறைவனின் படைப்பும் என்கிறார் அவர். ஆக, உண்மையான விளையாட்டு நிறைவிலிருந்து பிறக்கிறது. குறையை மறப்பதற்காக ஆடும் ஆட்டம் அந்த நிலையிலிருந்து வெகுதூரம் விலகியது.

1897-இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவதன் மூலம் இளைஞர்கள் சொர்க்கத்தை இன்னும் நெருங்கலாம் என்ற பொருளில் சுவாமி விவேகானந்தர் கூறினார். உடலும் உள்ளமும் வலிமை பெற்றால்தான் கீதை விளங்கும் என்பது அவரது கருத்து. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்கு நம் முன்னோர் பரமபத சோபானப் படத்தை விரித்தனர். புண்ணியம் ஏணியாகவும் பாவம் பாம்பாகவும் அமைந்த அந்தப் படத்தில் பரமபதமே இறுதிக் கட்டம். அதை அடைந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம்.

விளையாட்டில் செய்த செயல், செயலா?

திரையில் ஒருவனைச் சுட்டு வீழ்த்துகிறோம். யாரும் இறக்கவில்லை, இரத்தம் சிந்தவில்லை. அப்படியிருக்க, அதில் என்ன பாவம்? பல இளைஞர்கள் இப்படிக் கேட்கிறார்கள். இதற்கு நேர்மையாக விடையளிக்க வேண்டும். வன்முறை நிறைந்த விளையாட்டுகள் மனிதனைக் கொலைகாரனாக்கும் என்று கூறப் போதிய சான்று இல்லை என அமெரிக்க உளவியல் கழகம் 2020-இல் அறிவித்தது. அதே வேளையில், கூச்சலிடுதல், பிறரைத் தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்துடன் சிறிய அளவிலான தொடர்பு இருப்பதையும் அது ஏற்றுக்கொண்டது. எனவே, பயமுறுத்துவதற்காக மிகைப்படுத்திப் பேசுவது பயன் தராது.

ஆனால் வேதாந்தம் வேறோர் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. ஒவ்வொரு செயலும், ஒவ்வொரு எண்ணமும் மனத்தில் ஒரு பதிவை விட்டுச் செல்கிறது. அதற்கு சம்ஸ்காரம் என்று பெயர். 1980-களில் ரஷ்யாவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ என்ற விளையாட்டில் மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். அதில் பகையோ வன்முறையோ இல்லை. ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற அறிவியலாளரும் குழுவினரும் இதை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2000-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். பல மணி நேரம் அதை ஆடியவர்கள் உறங்கத் தொடங்கும்போது, மூடிய கண்களுக்குள் கட்டங்கள் விழுவதைக் கண்டனர். நினைவாற்றலை இழந்த நோயாளிகளுள் சிலரும் அவ்வாறே கண்டனர். அந்த விளையாட்டை ஆடியதே அவர்களுக்கு நினைவில் இல்லை! நினைவு மறைந்தாலும் பதிவு மறையவில்லை. சம்ஸ்காரம் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

வெறும் கட்டங்களே இவ்வாறு பதியுமானால், நாள்தோறும் ஆயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழும் சீற்றமும் வெற்றிவெறியும் பதியாமல் போகுமா? திரையில் இறப்பவன் பொய்; ஆடுபவனின் மனத்தில் எழும் சீற்றம் பொய்யன்று.

விளையாட்டுகளை உருவாக்குவோரிலேயே சிலர் இதை உணர்ந்துள்ளனர். டோபி பாக்ஸ் என்பவர் 2015-இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ இதற்குச் சான்று. பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுகளில் எதிரியைக் கொன்றால் ‘ஈ.எக்ஸ்.பி.’ என்ற புள்ளிகள் சேரும்; அவை அனுபவத்தைக் குறிக்கும். ‘அண்டர்டேல்’ விளையாட்டிலோ, எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் கொல்லாமல் விட்டுவிடவும் வழி உண்டு. முடிவை நெருங்கும்போதுதான் அங்கே அந்த எழுத்துகள் அனுபவத்தை அல்ல, கொலையைக் குறிப்பவை என்பது வெளிப்படுகிறது. ‘அன்பு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அங்கே வன்முறையின் அளவையே குறித்தது என்று தெரிகிறது. அனைவரையும் கொன்று முடித்தவன் பிறகு மனம் மாறி முதலிலிருந்து கருணையோடு ஆடினாலும், பழைய செயலின் கறை இறுதிக் காட்சியில் எட்டிப் பார்க்கிறது. கர்மபலன் என்ற தத்துவத்தை ஒரு பொழுதுபோக்குச் சாதனம் இவ்வளவு நுட்பமாகத் தொட்டிருப்பது வியப்புக்குரியது.

போலந்து நாட்டில் 2014-இல் உருவான ‘திஸ் வார் ஆப் மைன்’ மற்றொரு வகையைச் சேர்ந்தது. இதில் ஆடுபவன் போர்வீரன் அல்லன். முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் மருந்தும் இன்றித் தவிக்கும் சாதாரண மக்களை அவன் காக்க வேண்டும். 1990-களில் சரயேவோ நகரம் பட்ட துன்பமே இதற்கு மூலம். தள்ளாத வயதுத் தம்பதியரின் வீட்டில் உணவைத் திருடி உயிர் பிழைக்கலாம். ஆனால் திருடியவன் மனமுடைந்து போகிறான். போர் இதிலும் உண்டு. ஆயினும் போரின் மீது ஆசையை வளர்க்காமல், துயரத்தைக் காணும் கண்ணை இது தருகிறது. எனவே விளையாட்டின் வகையை மட்டும் வைத்து அதன் தன்மையை முடிவு செய்ய இயலாது.

தெய்வ வடிவம் இருந்தால் போதுமா?

புனே நகரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று 2020-இல் ‘ராஜி’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியை மீட்கப் புறப்படும் ஒரு சிறுமியின் கதை இது. துர்க்கையின் அருள் அவளுக்குத் துணை நிற்கிறது. இராஜஸ்தானக் கோட்டைகளின் சாயலில் அமைந்த காட்சிகளை விமர்சகர்கள் பாராட்டினர்; சண்டைக் காட்சிகளில் நேர்த்தி போதாது, முடிவு சட்டென்று வந்துவிடுகிறது என்றும் கூறினர். நமது புராணங்கள் புதிய தலைமுறையின் கைகளில் தவழ்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. திரையில் தேவி தோன்றுவதால் மட்டும் ஆடுபவனுக்குப் பக்தி வந்துவிடாது. தேவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு அசுரனை வீழ்த்துபவன், தன்னுள் இருக்கும் அசுரனை அடையாளம் காண்கிறானா? பக்தனுக்கு உரிய கேள்வி இதுவே.

சமையலறையில் ஒரு விளையாட்டு

இதற்கு மாறாக, தெய்வமும் இல்லை, போரும் இல்லை என்ற நிலையில் ஒரு தமிழ் விளையாட்டு உலகின் கவனத்தை ஈர்த்தது. கனடாவின் டொரோண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ 2023-இல் வெளியிட்ட அந்த விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. 1980-களின் இறுதியில் தமிழகத்திலிருந்து கனடா சென்று குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தன் தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு சிதைந்தும் மங்கியும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் சமைப்பதே ஆடுபவரின் வேலை. மகன் வளர வளரத் தாய்மொழியை விட்டும் வீட்டு உணவை விட்டும் விலகுகிறான். அந்த விலகலும், பின்னர் அவன் திரும்பி நோக்குவதுமே கதை.

2024-இல் பிரிட்டனின் பாப்டா அமைப்பு சிறந்த முதல் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. மிகச் சிறியதாக இருக்கிறது என்று சிலர் குறை கூறினர். ஏனெனில் ஓரிரு மணி நேரத்தில் இது முடிந்துவிடும். உண்மையில் அந்தக் குறையே இதன் நிறைவு. இது ஆடுபவரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ‘உன் அம்மாவிடம் பேசி எத்தனை நாளாயிற்று?’ என்று மனத்துக்குள் கேட்டுவிட்டு விடை தந்து அனுப்புகிறது.

முடிவில்லாத படிகள்

இப்போது பாட்டியின் கேள்விக்குத் திரும்புவோம். ‘அதுக்கு மேல?’

நூறு பேர் ஒரு தீவில் குதித்து, இறுதியில் ஒருவனோ ஒரு குழுவோ மட்டும் எஞ்சும் ‘பப்ஜி’ விளையாட்டை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. தடைக்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு ஆகியவையே. மறு ஆண்டே அது வேறு பெயரில் திரும்பியது. ஓர் ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் ஆடுவது முடிவதில்லை. தோற்றவன் இழந்ததை மீட்க மறுபடி ஆடுகிறான். வென்றவன் வெற்றியைச் சுவைக்க மறுபடி ஆடுகிறான். இத்தகைய பல விளையாட்டுகளில் நாள்தோறும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு என்ற கண்ணி உண்டு. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டிகளைக் காசு கொடுத்துத் திறக்கச் செய்வதும் உண்டு. பெல்ஜியம் நாடு 2018-இல் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நமது நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் தடை செய்தது. தருமபுத்திரர் இழந்ததையும் நளன் இழந்ததையும் அறிந்த நமக்கு, திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த நாட்டில் வாழும் நமக்கு, இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ ஒரு நோயாக 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கே முதலிடம், தீங்கு நேர்ந்தும் நிறுத்தாமை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மனம் வீழ்ச்சியடையும் படிகளைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் வரிசையாகக் காட்டுகிறது. பொருளைத் திரும்பத் திரும்ப எண்ணுவதால் பற்று, பற்றினால் ஆசை, ஆசை தடைப்பட்டால் கோபம், அதிலிருந்து மயக்கம், நினைவின் குழப்பம், இறுதியில் அறிவின் அழிவு. ஆட்டத்தின் நடுவே கைப்பேசியைப் பிடுங்கியதும் பொங்கி எழும் பிள்ளையிடம் இந்தப் படிகளைப் பெற்றோர் கண்ணாரக் காணலாம். விரல்கள் மேலே ஏறுகின்றன; மனம் கீழே இறங்குகிறது. அப்போது விளையாடுபவன் யார்? அவனை வைத்து வேறு யாரோ விளையாடுகிறார்கள்.

மூன்று கேள்விகள்

எந்த விளையாட்டையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். முதலாவது, விரும்பியபோது இதைக் கீழே வைக்க முடிகிறதா? இரண்டாவது, கீழே வைத்த பின் மனத்தில் எஞ்சுவது என்ன, தெளிவா, படபடப்பா? மூன்றாவது, இது மற்றவர்களை மனிதர்களாகக் காணச் செய்கிறதா, வெறும் தடைகளாகக் காணச் செய்கிறதா? மூன்றிலும் தேறும் விளையாட்டை அஞ்ச வேண்டியதில்லை. முதல் கேள்வியிலேயே தோற்பது, எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்தத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் விலக்கத்தக்கது.

பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது பிள்ளையின் அருகில் அமர்வது. ‘எனக்கும் காட்டு’ என்று கேட்பது. என்ன ஆடுகிறான் என்று அறியாமல் கூறும் அறிவுரை காதில் ஏறாது. பிறகு, ஆடத் தொடங்கும் முன்பே முடிக்கும் நேரத்தைப் பிள்ளையின் வாயாலேயே சொல்லச் செய்யலாம். சொன்ன சொல்லைக் காப்பது ஒரு தவம். மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அனுப்பலாம். அந்த நேரத்தில் பெரியவர்களும் தங்கள் கைப்பேசிகளை ஒதுக்கி வைக்க வேண்டும். கட்டுமீறிப் போனால் வெட்கப்படாமல் உதவி நாடலாம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-இலேயே இதற்கெனச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. கேரளக் காவல்துறையும் திருவனந்தபுரம் உள்ளிட்ட நகரங்களில் குழந்தைகளுக்கான ஆலோசனை மையங்களை நிறுவியது.

செங்கல் ஆலயத்தில் உச்சி நிலைவரை ஏறியவர்கள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. வணங்கிவிட்டு இறங்குகிறார்கள், பேருந்து ஏறி வீடு திரும்பி, அடுப்பைப் பற்றவைக்கிறார்கள், வயலைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஏறியதன் பயன் இறங்கிய பின் தெரிகிறது. பேரனும் ஒருநாள் கைப்பேசியைத் தானாகவே பையில் வைத்துவிட்டு, “வா பாட்டி, ஏறலாம்” என்று அவரது கையைப் பிடிக்கக்கூடும். அப்படிப் பிடிப்பவன் தன் மனத்துக்குத் தானே எஜமானன். அத்தகைய ஆற்றலை இறைவன் நம் குழந்தைகளுக்கும் நமக்கும் அருள்வானாக!