ஒளியிழையும் ஒப்புரவும்

ஓர் அரசு தன் குடிமக்களின் வீடுகளுக்கு இணைய இணைப்பைக் கொண்டுசெல்லும்போது அது செய்வது ஈகையா, வணிகமா, கடமையா என்னும் கேள்வி, தொழில்நுட்பத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறவியல் சார்ந்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், கொடுக்கப்படும் பொருள் உண்மையில் யாருடையது என்பவற்றை நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த சமய மரபுகளுக்கு இக்கேள்வி புதிதன்று, பொருள்தான் புதிது. பல சமயத்தவர் ஒரே கடைவீதியைச் சுற்றி வாழ்ந்த கொச்சியின் மட்டாஞ்சேரியும், இணையத்தைக் குடிமக்களின் உரிமை என்று அறிவித்துச் சொந்தமாக ஒரு வலைப்பின்னலையே அமைத்த கேரள மாநிலமும் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களங்கள்.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் கேரளச் சட்டமன்றத்தில் அளித்த நிதிநிலை அறிக்கை, இணைய வசதியைக் குடிமக்களின் உரிமையாகக் கருத வேண்டும் என்றது. அவ்வறிவிப்பின் செயல்வடிவமே ‘கே-ஃபோன்’ எனப்படும் கேரள ஒளியிழை வலைப்பின்னல். ஒளியிழை என்பது மயிரிழை அளவே தடிமனுள்ள கண்ணாடி நூல். செய்தி அதன் வழியே ஒளித்துடிப்புகளாகப் பாய்வதால், செம்புக் கம்பியைக் காட்டிலும் பன்மடங்கு தரவை அது சுமக்கிறது. மாநில மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நிறுவனமும் கூட்டாக முன்னெடுத்த இத்திட்டத்தில், இழைகள் பெரும்பாலும் புதிதாகப் பள்ளம் தோண்டிப் புதைக்கப்படாமல் ஏற்கெனவே ஊரெங்கும் நிற்கும் மின்கம்பங்களிலேயே கட்டப்பட்டன. இயக்கக் கட்டுப்பாட்டு மையம் கொச்சி இன்ஃபோபார்க்கில் அமைந்தது. வீட்டு வாசல் வரையிலான இணைப்பு பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்புள்ள இத்திட்டத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைத்தார். 30,000 அரசு அலுவலகங்களை இணைப்பதும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு வழங்குவதும், ஏனையோருக்குக் குறைந்த விலையில் சேவை தருவதும் அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன.

‘உரிமை’ என்னும் சொல் இங்கே இரு பொருள்களில் வழங்குவதைப் பிரித்தறிவது இன்றியமையாதது. ஒன்று, தடுக்கப்படாமல் இருக்கும் உரிமை. மற்றொன்று, தரப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை. குறிப்பிட்ட நேரங்களில் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்ததால் விடுதியிலிருந்து நீக்கப்பட்ட கோழிக்கோட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி. வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று தீர்ப்பளித்தார். காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டது தொடர்பான வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்புரைத்த உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியே பேசுவதும் தொழில் நடத்துவதும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவின் காப்பைப் பெற்றவை என்றதே தவிர, இணைய அணுகலே தனியோர் அடிப்படை உரிமையா என்பதில் கருத்துரைக்கவில்லை. திறந்திருக்கும் கதவை மூடாதே என்று அரசிடம் சொல்வதற்குச் சட்டம் வழி கண்டுவிட்டது; கதவே இல்லாத வீட்டுக்குக் கதவு வைத்துத் தா என்று கேட்பதற்கான அடிப்படையை அறவியலில்தான் முதலில் தேட வேண்டியிருக்கிறது.

அத்தேடலை மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலிருந்தே தொடங்கலாம். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. அதைக் கட்டிய சமூகத்தினர் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். யூத மரபில் கொடையைக் குறிக்கும் ‘ஸெதாகா’ என்ற சொல், நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஆகவே கொடுத்தல் அங்கே இரக்கத்தின் வெளிப்பாடு என்பதைவிட நேர்செய்தல் என்றே பொருள்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்து, பெறுபவர் இனி எவரிடமும் கையேந்தத் தேவையில்லாதபடி அவரைத் தொழிலில் நிலைநிறுத்துவதை எல்லாவற்றுக்கும் மேலான படியில் வைத்தார். இஸ்லாமிய மரபின் வக்ஃப் என்னும் அறக்கட்டளை முறை இன்னொரு கூறைச் சேர்க்கிறது: சொத்து விற்க முடியாதபடி நிறுத்திவைக்கப்பட, அதன் பயன் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும். கிணறும் கல்விக்கூடமும் அத்தகைய ‘ஓடும் தர்ம’த்துக்கு மரபான எடுத்துக்காட்டுகள்.

சமண மரபு, கொடுக்கப்படும் பொருளின் வகையை ஆராய்ந்தது. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என அது தானத்தை நான்காக வகுத்தது. சாத்திரதானம் அறிவைக் கொடுப்பது, அபயதானம் அச்சத்திலிருந்து விடுவிப்பது. தென்னிந்தியத் திகம்பர சமணத்தில் அழுத்தம் பெற்ற இவ்வகைப்பாடு, தமிழ்ச் சமண மரபுக்கும் அறிமுகமானதே. மட்டாஞ்சேரியில் குடியேறிய குஜராத்திச் சமணர்கள் 1904இல் எழுப்பிய தர்மநாதர் கோயிலிலோ நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கப்படுகிறது. கூட்டமாக வந்திறங்கும் பறவைகள் தின்றுவிட்டுப் பறந்துவிடுகின்றன. எந்தப் புறா தகுதியுடையது என்று அங்கே கணக்கெடுக்கப்படுவதில்லை. எந்தப் புறாவும் பிடிக்கப்படுவதில்லை. உணவும் அபயமும் அங்கே ஒரே செயலின் இரு பக்கங்கள்.

தமிழ் அறவியல் இவ்விடத்தில் மிகக் கூர்மையான ஒரு வேறுபாட்டைக் கண்டிருக்கிறது. திருக்குறள் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டையும் அடுத்தடுத்த தனித்தனி அதிகாரங்களாக வைக்கிறது. ஈகை என்பது இல்லாதவருக்கு இருப்பவர் கொடுப்பது. அங்கே இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவர் கை மேலேயும் மற்றவர் கை கீழேயும் இருக்கிறது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்பவர் ஊருக்குச் செய்யும் பொதுக்கடமை. அதற்கு வள்ளுவர் காட்டும் உவமைகள் ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், எல்லா உறுப்பும் பயன்படும் மருந்து மரமும். மூன்றிலும் கொடுப்பவரின் முகம் தெரிவதில்லை என்பதே நுட்பம். குடத்துடன் வருபவர் ஏழையா செல்வரா என்று ஊருணி கேட்பதில்லை. நீரெடுத்துச் செல்பவர் யாருக்கும் கடன்பட்டவராகத் திரும்புவதுமில்லை.

இவ்வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால் கே-ஃபோனின் உள்முரண் தெளிவாகிறது. திட்டத்தின் மொழி ஒப்புரவின் மொழி. முதற்கட்ட நடைமுறையோ ஈகையினுடையது. 140 சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு 100 குடும்பங்கள் என 14,000 குடும்பங்களைத் தெரிவுசெய்து தொடங்குவது நிர்வாகத்துக்கு எளியது. பணம் அளவாக இருக்கும்போது தவிர்க்க இயலாததாகவும் இருக்கலாம். ஆயினும் பட்டியலில் இடம்பெற்ற நூறாவது குடும்பத்துக்கும் இடம்பெறாத நூற்றோராவது குடும்பத்துக்கும் இடையில் உரிமை என்னும் சொல்லால் விளக்கத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. பட்டியலின் வழியே வரும் உரிமை தண்ணீர்ப் பந்தலைப் போன்றது: தாகத்தைத் தீர்க்கிறது, புண்ணியமும் ஆகிறது, ஆனால் பந்தல் போட்டவர் பிரித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அத்திட்டத்தின் இன்னொரு பகுதியான அனைவருக்குமான குறைந்த விலைச் சேவை, மாதம் 299 ரூபாய்க்கு விநாடிக்கு 20 மெகாபிட் வேகம் என்று அறிவிக்கப்பட்ட அந்தத் தொடக்கத் திட்டம், விளம்பரத்தில் இலவசத்துக்குப் பின்னே நின்றாலும் அறவியலில் ஊருணிக்கு நெருங்கியது. ஏனெனில் அதைப் பெறுவதற்கு எவரும் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இணையம் விலைக்குரிய சரக்கே, அதைச் சந்தை தந்துவிடும், அரசு தலையிட வேண்டியதில்லை என்னும் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. கைப்பேசித் தரவு இந்தியாவில் மலிந்தது போட்டியால்தான். ஆனால் செய்தி சந்தைப்பொருளாக மட்டும் இருக்கும்போது நிகழ்வது என்ன என்பதை மட்டாஞ்சேரியின் மிளகு வணிகமே காட்டுகிறது. இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வணிகச் சங்கம் 1957 முதல் அங்கே முன்பேர வணிகத்தை, அதாவது பின்னர் கைமாறவிருக்கும் மிளகுக்கு முன்கூட்டியே விலை பேசும் வணிகத்தை, நடத்திவந்தது. மின்னணு முறை வருவதற்கு முன்பு தரகர்கள் ஒரே கூடத்தில் கூடி, தொலைபேசியில் வரும் ஆணைகளைக் கேட்டு, உரக்கக் கூவி விலை வைத்தார்கள். கூடத்துக்குள் இருந்தவருக்கு விலை அந்தக் கணமே தெரிந்தது. மலைச்சரிவில் கொடியிலிருந்து மிளகைப் பறித்தவருக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. அந்த இடைவெளிக்கே ஒரு விலை உண்டு. அதைச் செலுத்தியவர் விளைவித்தவர். சந்தை தன் கூடத்தின் சுவரைத் தானே இடிப்பது அரிது, லாபம் சிறுத்த இடத்தில் அது நின்றுவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 64,000 பேர் மட்டுமே வாழ்ந்த இலட்சத்தீவுகளுக்குக் கொச்சியிலிருந்து கடலடி ஒளியிழை செல்வதற்கு 2024 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 11 தீவுகளை இணைத்த அந்த இழைக்குச் செலவிடப்பட்டது, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து பெறப்படும் தீர்வையைக் கொண்டு நாடு முழுவதற்கும் சேவை சேர்ப்பதற்காக ஒன்றிய அரசு வைத்திருக்கும் பொதுநிதி.

இங்கே கேரளத்தின் இன்னோர் அனுபவமும் துணைக்கு வருகிறது. தந்தை பெரியாரின் பங்களிப்பால் தமிழர் நன்கறிந்த 1924-25ஆம் ஆண்டு வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று. கோயிலைச் சுற்றிய பொதுத் தெருக்களில் நடப்பதற்காகவே நடந்தது. அதற்கு முன்பே 1913இல், கொச்சி அரசில் நிலத்தின் மீது கூட்டம் கூட இடம் மறுக்கப்பட்ட புலையர் சமூகத்தினர், காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிப் பலகை பரப்பித் தண்ணீரின் மேல் தம் மாநாட்டைக் கூட்டினர். சமூகச் சீர்திருத்தவாதி பண்டிட் கருப்பன் துணைநின்ற அந்நிகழ்வு ‘காயல் சம்மேளனம்’ எனப்படுகிறது. நடக்க வழியும் கூட இடமும் இல்லாதவருக்குப் பேச்சுரிமை என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன. இணையம் இன்று ஒரே வேளையில் வழியாகவும் கூடுமிடமாகவும் இருப்பதால், அதை மறுப்பது ஒரு சரக்கை மறுப்பதன்று.

அவ்வழி திறந்தால் என்ன விளையும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் சுமைதூக்கிய தொழிலாளி ஒருவர், அங்கே இலவசமாகக் கிடைத்த வைஃபை இணைப்பில், காதில் கருவியைச் செருகிப் பாடங்களைக் கேட்டபடியே பெட்டிகளைச் சுமந்து, மாநிலப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறிய செய்தி 2018இல் வெளியாயிற்று. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நிலையத்துக்கு வந்த எவருக்கும் திறந்திருந்த இணைப்பை அவரும் பயன்படுத்திக்கொண்டார். சாத்திரதானம் ஒப்புரவின் வடிவில் நிகழும்போது மைமோனிடிஸின் மேலான படி தானாகவே கைகூடுவதற்கு இது ஒரு சிறு சான்று.

ஆயினும் ஊருணி உவமைக்கு ஓர் எல்லை உண்டு. ஊருணி தன்னிடம் நீரெடுப்பவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, இணையம் பார்க்கிறது. யார், எப்போது, எதைத் தேடினார் என்பது பதிவாகிறது; அரசே வழியமைத்துத் தரும்போது அப்பதிவின் சாவி அரசின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது, வழியை அடைக்கும் ஆற்றலும் அங்கேயே இருக்கிறது. சமணர்கள் சாத்திரத்தோடு அபயத்தையும் ஒரே வரிசையில் வைத்ததன் பொருள் இங்கேதான் முழுமையாக விளங்குகிறது. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு கல்வியையும் அந்தரங்கத்தையும் சேர்த்தே பேசியது, அறிந்தோ அறியாமலோ, அந்தப் பழைய வரிசையை வழிமொழிவதாக அமைந்தது. அச்சத்தோடு பெறப்படும் அறிவு பாதி அறிவு. கண்காணிப்போடு கொடுக்கப்படும் கொடை பாதிக் கொடை.

இன்னொன்று, நீர் இருந்தால் மட்டும் போதாது. இறங்கப் படித்துறையும் வேண்டும். 1990இல் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்ட மரபின் தொடர்ச்சியாகவே, கணினி அறிவைப் பரப்பும் ‘அட்சயா’ திட்டம் 2002இல் மலப்புறத்தில் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் தன்னை முழு எண்ணிம எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்துக்கொண்டது. இலட்சக்கணக்கானோருக்குப் பயிற்சியளித்த அவ்வியக்கத்தில் கற்றவர்களுள் எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த நூறு வயது கடந்த முதியவர் ஒருவரும் இருந்தார். இழையை இழுப்பது பொறியியல். அவருடைய விரலைத் திரையின் மீது வைத்துக் காட்டுவதே ஒப்புரவின் எஞ்சிய பாதி.

ஒரு கொடை உரிமையாக மாறிவிட்டதா என்பதைக் கண்டறிய எளியதொரு சோதனை உண்டு. மட்டாஞ்சேரிக் கடைவீதியின் மின்கம்பங்களில் தெருவிளக்கு எரிவதற்காக எவரும் எவருக்கும் நன்றி சொல்வதில்லை. எரியாத இரவில் மட்டும் மறுநாள் காலையே புகார் போகிறது. மின்சாரம் இப்படி நன்றியின் எல்லையைக் கடந்து முறையீட்டின் எல்லைக்குள் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. தொடக்கவிழாவின் கைத்தட்டல்கள் எல்லாம் ஓய்ந்தபின், அதே கம்பங்களில் கட்டப்பட்ட ஒளியிழை அறுந்த ஒரு நாளில், பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் சற்றும் தயங்காமல் அலுவலகத்துக்குச் சென்று அதைச் சீர்செய்யும்படி கேட்பாராயின், அன்றைக்கு ஈகை ஒப்புரவாகிவிட்டது என்று கொள்ளலாம்.