இரண்டு கடன்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த சில மாதங்களில், யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆசிரியர்களாகிய எம்மிடம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "சேர், வெளிநாட்டில் இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. எது நல்லது?" கேட்பவரின் கையில் இரண்டு அனுமதிக் கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்தின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் அனுப்பியது. முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும். மற்றது ஜேர்மனியிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தது; கட்டணம் இல்லை, அல்லது புலமைப்பரிசில் உண்டு; ஆயின் அதன் பெயரைச் சொன்னால் ஊரில் எவருக்கும் விளங்காது. திருநெல்வேலியிலோ பேராதனையிலோ இலவசமாகக் கிடைக்கும் மூன்றாவது இடமும் சிலருக்கு உண்டு. அதனை ஒரு தெரிவாகவே எண்ணாத வீடுகள் பல.

புள்ளி எடுத்தவர் இடம் பெறுகிறார். இடம் பெற்றவர் தெரிந்தெடுக்கிறார். இதில் பிறருக்கு என்ன வேலை என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் தெரிவைச் செய்பவர் ஒருவர்; அதன் விலையைக் கொடுப்பவர் பலர். விலை கொடுப்பவர் யார் என்று கேளாமல், எது நல்லது என்ற கேள்விக்கு விடை கூற முடியாது என்பதே எமது கருத்து.

கடல் கடந்து கற்பது எமக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855 இல் மூடப்பட்டது. அதன் பின், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் அச்செமினறியில் கற்ற யாழ்ப்பாணத்தவர்: சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், கறல் விசுவநாதபிள்ளையும். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரை இத்தீவு தானே பட்டம் வழங்கியதில்லை. சென்னையையும் கல்கத்தாவையும் இலண்டனையுமே நோக்க வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்மொழி மூல மாணவர் கூடிய புள்ளி பெற வேண்டியதாயிற்று. கதவடைபட்டவர் பலர் வெளிநாடு சென்றனர். 1983 இன் பின்னர் உயிர் காக்கச் சென்றோர் தொகை அதனினும் பெரிது. ஆகவே, போகிறவரைப் பழிக்க எமக்கு நா எழாது. எதை ஈடு வைத்துப் போகிறார் என்பதையே நாம் கேட்கிறோம்.

கடிதங்கள் வரும் வழியை முதலிற் பார்ப்போம். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் இளமாணிக் கட்டணத்துக்கு அரசு உச்ச வரம்பு விதித்திருக்கிறது. 2017 முதற் சில ஆண்டுகள் அது 9,250 பவுணாக இருந்தது. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை; இரண்டு மடங்கும் அதற்கு மேலும் அறவிடும் பல்கலைக்கழகங்கள் பல. தமது பற்றாக்குறையை அந்த வருமானத்தாலேயே அவை நிரப்பிக்கொள்கின்றன. மாணவரைச் சேர்த்துக் கொடுக்கும் முகவருக்குத் தரகு கொடுப்பதும் பல்கலைக்கழகமே. "எமது சேவை இலவசம்" என்று முகவர் கூறுவதன் பொருள் இதுதான். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை வெளிநாட்டாரிடமும் படிப்புக் கட்டணம் பெறுவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதையே விசாவுக்காக முன்கூட்டிக் காட்ட வேண்டும். கட்டணம் இல்லாத இடத்தில் தரகு பெறுவது அரிது. அவ்விடங்களைப் பற்றி முகவர் அதிகம் பேசாதிருப்பது அவருடைய குணக்கேடன்று. அவருடைய தொழிலின் இலக்கணம் அது.

இனி, வீட்டுக்கு வருவோம். காணி உறுதி வங்கிக்குப் போகிறது. தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. பணம் ரூபாவிற் கடனாகப் பெறப்படுகிறது. கட்டணமோ பவுணிலும் டொலரிலும் கேட்கப்படுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. இடையில் ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. முதலாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு, அடுத்த தவணையின் அதே கட்டணம் ரூபாவில் ஒன்றரை மடங்கைத் தாண்டிற்று. போகும் நாடுகளும் தம் விதிகளை நினைத்தபோது மாற்றுகின்றன. மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராகக் கனடா 2024 ஜனவரியில் உயர்த்தியது. இவற்றுக்கிடையில் அகப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? பகலில் வகுப்பில் தூங்கி, இரவிற் களஞ்சியசாலையில் விழித்திருக்கும். எந்தப் பெயருக்காகக் காணி ஈடு வைக்கப்பட்டதோ, அந்தப் பெயருக்குரிய நூலகத்தில் இருக்க அதற்கு நேரம் இராது.

ஈடு வைக்கப்படும் காணி யாருடையது என்றும் கேட்க வேண்டும். பல வீடுகளில் அது தங்கைக்குச் சீதனமாக எண்ணியிருந்த காணி. சீதனம் ஒழிய வேண்டிய வழக்கம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், தங்கையின் பங்கை எடுத்துத் தமையனின் கட்டணமாக்குவது சீதன ஒழிப்பு ஆகாது. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் 'ஏ' பெற்றவளாக அவள் இருக்கலாம். அவள் கையில் எவரும் இரண்டு கடிதங்களைக் கொடுத்து, எது உனக்கு வேண்டும் என்று கேட்பதில்லை.

இது கண்ணுக்குத் தெரியும் கடன். தெரியாத கடன் ஒன்றும் உண்டு. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் அரசின் கருவூலத்தைப் பெரிதும் தாங்கியது தேயிலையும் இறப்பரும். அவற்றை விளைவித்தவர் மலையகத் தோட்டத் தொழிலாளர். மூன்றாண்டின் பின், 1948 இல், அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் கற்ற தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். இன்று இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுப்பவர் யார்? கொழுந்து பறிக்கும் பெண். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண். வளைகுடா நாட்டில் பிறர் வீட்டைக் கூட்டும் பெண். பதின்மூன்று ஆண்டு இலவசமாகக் கற்று, அப்பெண்கள் தேடிய டொலரில் வெளிநாட்டுக் கட்டணம் செலுத்தும் மாணவர், தம் கெட்டித்தனத்தால் மட்டுமே எழுந்தவரல்லர். அந்தப் பெண்களுக்கு அவர் கடன்பட்டிருக்கிறார். உறுதியும் இல்லை, வட்டியும் இல்லை என்பதால் அது கடனல்ல என்று ஆகிவிடாது.

அப்படியாயின், போனவர் எல்லாரும் திரும்பி வந்தே தீரவேண்டுமா? அவ்வளவு எளிதாக நாம் தீர்ப்புக் கூற முடியாது. தாமோதரம்பிள்ளை தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழகத்திலேயே கழித்தார். ஆயினும் செல்லரித்த ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றியவர், தமிழ் பேசும் மக்களுக்குத் தம் கடனைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று எவர் கூறுவார்?

மறுபுறத்தில் அம்பேத்கரின் வாழ்வைப் பாருங்கள். 1913 இல் பரோடா சமஸ்தானத்தின் உதவிப்பணத்தில் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், பத்தாண்டு அச்சமஸ்தானத்திற் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர். 1917 இல் சொன்ன சொற்படி பரோடாவுக்கு வந்தார். தீண்டத்தகாதவர் என்று குடியிருக்க வீடு மறுக்கப்பட்டார். தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் துரத்தப்பட்டார். கடனைத் தீர்க்க வந்தவரை வாசலில் நிறுத்தியது கடன் கொடுத்த சமூகமே. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் முன் கோயில் வாயிலை அடைத்த சமூகம் எமது. "படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வா" என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒரே குரலில் அழைக்கும் தகுதியை நாம் இன்னும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திரும்பி வருவோர்க்கு இடம் அமைப்பதும் கடனின் மறுபாதி.

பின், தெரிவுக்கு அளவுகோல் எது? கைலாசபதி 1963 இல் இங்கிலாந்து சென்றார். பெயரை நாடுவோர்க்கு அங்கே ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இருந்தன. அவர் ஆய்வு செய்தது பேர்மிங்ஹாமில். அங்கே கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சன் இருந்தார். சிவத்தம்பியும் பின்னர் அவரிடமே சென்று 1970 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இருவரும் நாடு திரும்பினர். 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதற் தலைவர் கைலாசபதி. ஊரில் எடுபடும் பெயரைக் காட்டிலும், கற்பிக்கும் ஆசிரியரும் கற்க வேண்டிய பொருளும் பெரியவை என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று எமக்கு வேண்டுமா?

ஆகவே, கடிதங்களோடு வரும் மாணவருக்கு நாம் கூறக்கூடியது இதுவே. இரண்டையும் மேசைமேல் விரித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் உமக்குக் கற்பிக்கப்போகிறவர் யார் என்று தேடுங்கள். யாருடைய காணி ஈடாகப் போகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அவரிடம் சம்மதம் கேட்டீரா என்றும் எழுதுங்கள். படிப்பு முடியும் நாளில் எஞ்சும் கடனைக் கணக்கிடுங்கள். வங்கிக் கடன் பெருத்தவர், கிடைத்த வேலையைக் கிடைத்த நாட்டிற் செய்தே தீரவேண்டியவர். மக்களுக்குப்பட்ட கடனைத் தீர்க்க அவரிடம் கையும் இராது, காலமும் இராது. முதற் கடன் சிறிதாக இருந்தால்தான் இரண்டாவது கடனை நினைக்கவாவது முடியும். திரும்பி வருவதா, அங்கிருந்தே உதவுவதா என்று தாமாக முடிவு செய்யும் உரிமையை எந்தக் கடிதம் உமக்கு மிச்சம் வைக்கிறதோ, அதுவே நல்ல கடிதம். அதன் பெயர் ஊரில் எவருக்கும் விளங்காவிட்டால், அதை விளங்கப்படுத்துவது ஆசிரியர்களாகிய எமது வேலை.